ஒன்பதாவது தட்டு

எங்க வூட்டு ஷோகேஸ்ல நடுத்தட்டப் புடிக்காம விடறதில்லன்னு ஒரு நாள் சபதம் எடுத்தேன். சிரிக்காதீங்க. சட்டசபையில எடம் புடிக்கிறவனுக்காவது அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ எலெக்சன் வருது. எங்க வூட்டுல கல்யாணம் ஆனதுல இருந்து ஒரே ஆட்சிதான்.

மேல்தட்டுல சாமிங்க. அவங்கள அசைக்க முடியாது. கீழ்த்தட்டுல டார்ச் லைட்டு, கரண்ட் பில்லு, ஓடாத கடியாரம். நடுத்தட்டுதான் டியூப்லைட்டுக்கு நேரா, உள்ள நுழையறவன் மூஞ்சிக்கு நேரா இருக்குது. அதுல கல்யாணத்துக்கு வந்த டீ கப்பு செட்டு. இதுவரைக்கும் ஒருத்தனும் அதுல டீ குடிச்சதில்ல. கோலப்போட்டியில என் பொண்டாட்டி வாங்கின கப்பு. அப்புறம் ஒரு ஈஃபில் கோபுரம். புதுச்சேரியில அந்தக் கோபுரம் இல்லாத ஷோகேசே கெடையாது. பிரான்சுல சொந்தக்காரன் இல்லாதவன் வூட்டுலகூட இருக்கும்.

நான் அரிகிருஷ்ணன். முதலியார்பேட்டை. தொழிற்பேட்டையில ஒரு பம்பு கம்பெனியில பேக்கிங் சூப்பர்வைசர். என் பொண்டாட்டி செந்தமிழ்ச்செல்வி, வைத்திக்குப்பத்துக்காரி. காதல் கல்யாணம். வல போடறது அவங்க பரம்பரத் தொழில். மாட்டறது நான் புதுசா ஆரம்பிச்ச தொழில்.

செல்விகிட்ட ஒரு கொணம் உண்டு. கோவம் ஏற ஏற மரியாத ஏறும். சாதாரணமா இருந்தா 'இன்னாங்க'ன்னு கூப்புடுவா. லேசா கடுப்பானா, 'ஏங்க, கொஞ்சம் வரீங்களா?' அதுக்கும் மேல போயி, 'நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்'னு சொன்னான்னு வெச்சுக்குங்க, ஓடிப்போயி ஹெல்மெட்டத் தேடணும்.

எனக்கு இருக்கற ஒரே கோளாறு பிளாஸ்டிக் மாடல். டப்பாவுல துண்டு துண்டா வரும். ஒட்டி, தேச்சு, பெயிண்ட் அடிச்சா காரு, கப்பலு, விமானம். நரைக்கிற வயசுல பொம்ம ஒட்டறான்னு தெருவே சொல்லும். சொல்லட்டும், தெருவுக்கு இன்னா தெரியும்? ஆனா நான் எதையும் முடிச்சதில்லங்கறது செல்வியோட குத்தச்சாட்டு. அதுல கொஞ்சம் நாயம் இருக்குது. கட்டிலுக்கு அடியில பாதிக் கப்பல் ஒண்ணு கெடக்குது. பிரிட்ஜ் மேல றெக்க இல்லாத விமானம் ஒண்ணு. அதனால ஒரு நாள் வூட்டுல சட்டம் வந்துச்சு.

"இன்னாங்க, இனிமே இந்த வூட்டுக்குள்ள ஒரே ஒரு டப்பாதான். அத முழுசா முடிச்சுக் காட்டுங்க. கோபுரத்த நானே எடுத்துட்டு நடுத்தட்டத் தரேன்."

"நெசமாவா?"

"மாரியாத்தா மேல சத்தியம். ஆனா ரெண்டாவது டப்பா உள்ள வந்துச்சு, மொத டப்பாவும் நீங்களும் ஒண்ணா வெளிய போவீங்க."

அன்னிக்கி எடுத்ததுதான் அந்தச் சபதம்.

பிரான்சுல இருந்து லீவுக்கு வந்த பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருத்தன், வரும்போது இன்னா வாங்கியாரணும்னு போன்ல கேட்டான். எல்லாரும் சென்ட்டு, சாக்லேட்டு, இன்னொரு கோபுரம்னு கேப்பாங்க. நான் ஹாட் ராட் கேட்டேன். ஹாட் ராட்னா அமெரிக்காவுல தாத்தா காலத்துக் காரு. அதோட கூரைய வெட்டிக் குள்ளமாக்கி, முன்னால மூடியத் தூக்கிக் கடாசிட்டு, உள்ள ஒரு ராட்சச இஞ்சின மாட்டி ரோட்டுல நெருப்பு கக்க வுடுவானுங்க. அதோட கையகல மாடல். டப்பா மேல இருந்த படத்தப் பாத்துட்டு எனக்கு அன்னிக்கி சோறு எறங்கல.

டப்பாவத் தொறந்தேன். பொசுக்குனு போச்சு. இஞ்சின் புளிப்பு மிட்டாய் சைசுல இருந்துச்சு. சக்கரம் நாலும் சப்ப. பொகக்கொழாய் பேனா ரீஃபில் மாதிரி. செல்வி பின்னால இருந்து எட்டிப் பாத்தா.

"இது இன்னாங்க, இஞ்சினுக்கு மூடியே இல்ல?"

"அதான் அழகு."

"எங்கப்பா படகுல மூடி போட்டுதான் இஞ்சின் ஓட்டுவாரு. தண்ணி பூந்துடும்ல?"

"இது ரோட்டுல ஓடற வண்டிடி."

"மழ பேஞ்சா நம்ம ஊரு ரோட்டுக்கும் கடலுக்கும் இன்னாங்க வித்தியாசம்?"

இதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா கலை வளராது.

இந்தத் தொழில்ல கைதேந்தவங்க ஒரு டப்பாவோட நிக்க மாட்டாங்க. ரேஸ் காரு டப்பாவுல இருந்து இஞ்சினு, டிராக்டர் டப்பாவுல இருந்து பின்சக்கரம், லாரி டப்பாவுல இருந்து பொகக்கொழாய்னு உருவி ஒண்ணா சேப்பாங்க. கிட்பேஷிங்னு பேரு. தமிழ்ல சொன்னா மூணு குடியக் கெடுத்து ஒரு குடிய வாழவெக்கிறது. ஆனா அதுக்கு மூணு டப்பா உள்ள வரணுமே! சட்டம் வாசப்படியில நிக்குதே!

பல்லு தேக்கும்போது யோசிச்சேன். பம்பு கட்டும்போது யோசிச்சேன். ஒண்ணும் வழி தெரியல. அப்பத்தான் தேங்காய்த்திட்டுல இருக்கற என் தங்கச்சி சிந்துஜா போன் பண்ணா.

"அண்ணா, செம்மலுக்கு மொட்ட போட்டுக் காது குத்தறோம். நம்ம அம்மன் கோயில்லதான். தாய்மாமன் நீ, உன் மடியிலதான் ஒக்கார வெக்கணும். சீரெல்லாம் ஒண்ணும் பெருசா வேணாம்ணா, நீ வந்தா போதும்."

'பெருசா வேணாம்'னு தங்கச்சி சொன்னா பெருசா வேணும்னு அர்த்தம். அது எல்லா அண்ணனுக்கும் தெரியும். ஆனா எனக்கு அந்த நிமிசம் வேற ஒண்ணு பளிச்சுனு தெரிஞ்சிச்சு. தாய்மாமன் சீரு! எந்தப் பொண்டாட்டி அதுக்குக் குறுக்க நிக்க முடியும்? சுப்ரீம் கோர்ட்டே நிக்க முடியாது.

அன்னிக்கே ஆர்டர் போட்டேன். மூணு டப்பாவும் ஒரே நாள்ல வந்து எறங்கிச்சு. கதவத் தொறந்தது செல்வி.

"ஏங்க, கொஞ்சம் வரீங்களா?"

வந்தேன். நெஞ்ச நிமித்திக்கிட்டே வந்தேன்.

"இது இன்னாங்க, மூணு டப்பா?"

"செம்மலுக்குத் தாய்மாமன் சீரு."

"செம்மலுக்கா? அவனுக்கு இப்பத்தாங்க பல்லே மொளைக்குது."

"வளருவான்ல."

"பன்னண்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு?"

"செல்வி, சீருன்னா இன்னிக்கிக் குடுத்து இன்னிக்கே உரிச்சுத் தின்னுட்டுப் போற வாழப்பழமா? தோடு குடுக்கறோம். அவன் நாளைக்கே கண்ணாடி முன்னால நின்னு பாக்கப்போறானா? அந்த மாதிரிதான். வளந்து, கையில எடுத்து, 'இது எங்க மாமன் குடுத்தது'ன்னு சொல்வான் பாரு, அதுக்குத்தான்."

எனக்கே கை தட்டலாம்னு இருந்துச்சு. அவ்ளோ நல்லா பேசினேன். அவ என்னையும் டப்பாவையும் மாத்தி மாத்திப் பாத்தா.

"அப்ப இது செம்மலுக்கு நீங்க வாயால சொல்லிட்ட சீரு."

"ஆமா."

"தாய்மாமன் சொன்னா சொன்னதுதான்."

"பின்ன?"

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

அப்பவே ஹெல்மெட்டத் தேடியிருக்கணும். நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

என் திட்டம் இதுதான். காது குத்தற நாள் வரைக்கும் டப்பாங்க நம்ம பீரோ மேல இருக்கும். வேணுங்கறத நான் உருவிக்குவேன். பிரிச்ச சுவடே தெரியாம திரும்ப ஒட்டிடுவேன். சிந்துஜா வூட்டுக்குப் போனா அது நேரா பரண்ல ஏறிடும். செம்மலுக்குப் பன்னண்டு வயசு ஆவறதுக்குள்ள கரையான் வரும், இல்லன்னா வெள்ளம் வரும். ரெண்டையும் நம்பி புதுச்சேரிக்காரன் ஏமாந்ததே இல்ல.

ஒட்டறது எனக்கு ஒரு விசயமே இல்ல. என் சோறே அதுதான். ஞாயித்துக்கெழம மத்தியானம் செல்வி பக்கத்து வூட்டு கொளஞ்சியக்காகூட ஊர்க்கத பேசப் போவா. அதுதான் ஆபரேசன் நேரம். செல்வியோட ஹேர் டிரையர எடுத்து, டப்பா மேல இருக்கற கண்ணாடித்தாள இளக்கி, பூவு மாதிரி கழட்டுவேன். உள்ள கைய வுட்டேன். ரேஸ் காரு இஞ்சின் கைக்கு வந்துச்சு. அடாடா! அதோட உச்சியில காத்து இழுக்கறதுக்கு ஒரு வெள்ளி மூக்கு. பளபளன்னு, ஒரு புளியங்கொட்ட அளவுல. அந்த மூக்க மட்டும் பாத்துக்கிட்டே ஒரு வேள சோத்த மறக்கலாம்.

இஞ்சின உருவினதும் ஒரு சிக்கல். டப்பா லேசாயிடுச்சு. ஆட்டினா கலகலன்னு வரணும், வரல. என்னால தாங்க முடியல. எட கொறஞ்ச பெட்டிய அனுப்பக்கூடாதுங்கறது எங்க செக்ஷன் தர்மம். உள்ள பம்பே இல்லன்னாலும் பெட்டி எட சரியா இருக்கணும். சமையக்கட்டுல தேடினேன். அலமாரி மூலையில ஒரு பாட்டில் நெறைய புளியங்கொட்ட. குப்பைக்குப் போற கொட்டதானேன்னு எடுத்து டப்பாவுக்குள்ள கொட்டினேன். ஆட்டிப் பாத்தேன். கலகல! அசல் பிளாஸ்டிக் சத்தம். என் முதுகுல நானே தட்டிக்கிட்டேன்.

அடுத்தடுத்த வாரம் டிராக்டர், லாரி. பாட்டில் காலி.

காரு வளந்துச்சு. டிராக்டர் சக்கரத்த மாட்ட அச்சு பத்தல. தொடப்பக்குச்சிய வெட்டி அச்சாக்கினேன். சக்கரம் ஏறினதும் வண்டி முன்னால குனிஞ்சு, பின்னால தூக்கிக்கிட்டு, முட்ட வர்ற காள மாதிரி நின்னுச்சு. லாரியோட பொகக்கொழாய ரெண்டு பக்கமும் வளச்சு வுட்டேன். செவப்பு பெயிண்ட் அடிச்சு, காய வெச்சு, தேச்சு, திரும்ப அடிச்சேன். பொய் சொல்லக்கூடாது, கல்யாணத்தன்னிக்கி என் சட்டைய நான் அவ்ளோ கவனமாத் தேய்க்கல. செல்விகூட நின்னு பாத்தா.

"நல்ல கலருங்க. புது வஞ்சிரத்தோட செவுளு மாதிரி."

அவ வாயில இருந்து இதவிடப் பெரிய பாராட்டு வராது. நான் பூரிச்சுப் போனேன்.

"இந்தச் சக்கரம் மொதல்ல சப்பையா இருந்துச்சுல்ல?"

"அது... பெயிண்ட் அடிச்சா உப்பும்."

"இஞ்சினும் உப்பியிருக்கு."

"அதுவும் பெயிண்ட்தான்."

"அப்படியா? எனக்கு இதெல்லாம் இன்னாங்க தெரியும். நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

ரெண்டாவது எச்சரிக்க. அதையும் கோட்ட விட்டேன்.

அந்த வாரமே கொளஞ்சியக்கா புதுசா ஒரு பல்லாங்குழிப் பலகையத் தூக்கிக்கிட்டு வந்துச்சு.

"ஏ செல்வி, பலக வந்தாச்சு. கொட்ட நீ தரேன்னு சொன்னியே, எங்கடி?"

"இங்கதான்க்கா பாட்டில்ல வெச்சிருந்தேன். மீன் கொழம்புக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் எடுத்து எடுத்து சேத்தது. இப்ப பாத்தா வெறும் பாட்டிலு நிக்குது."

நான் பேப்பருக்குள்ள மூஞ்ச வெச்சுக்கிட்டேன்.

"எலி தின்னிருக்கும்டி."

"ஆமாக்கா," நான் வாயக் குடுத்தேன். "எலிதான். நானே பாத்தேன். பெரிய எலி."

செல்வி என் பக்கம் திரும்பினா.

"பாட்டில் மூடி திருவி மூடியிருக்குதேங்க."

நான் பேப்பர ஒரு பக்கம் திருப்பினேன்.

"தொறந்து, தின்னுட்டு, திரும்பத் திருவி மூடிட்டுப் போயிருக்கு பாருங்க. எவ்ளோ மரியாதையான எலி!"

கொளஞ்சியக்கா சிரிச்ச சிரிப்புல பல்லாங்குழிப் பலக கீழ வுழுந்துச்சு. நானும் சேந்து சிரிச்சேன். வேற வழி?

காரு முடிஞ்சிச்சு. நெசமாவே முடிஞ்சிச்சு. என் வாழ்க்கையில நான் முழுசா முடிச்ச மொத மாடல். செல்வி சொன்ன சொல்லு தவறல. டீ கப்பு செட்டையும் கோலப்போட்டிக் கப்பையும் எறக்கினா. ஈஃபில் கோபுரத்தத் தூக்கி மேல்தட்டுல முருகனுக்குப் பக்கத்துல வெச்சா. "கோபுரம்தானே, சாமிகிட்டயே இருக்கட்டும்"னா. நடுத்தட்டுல, டியூப்லைட்டுக்கு நேரா, என் செவப்பு ஹாட் ராட். வெள்ளி மூக்கு மின்னுது. கேஸ் சிலிண்டர் போட வந்தவரு நின்னு பாத்தாரு. தண்ணி கேன் போட வந்தவரு போட்டோ எடுத்தாரு. நான் ஆபீஸ்ல இருந்து வந்ததும் சட்டையக்கூடக் கழட்டாம அது முன்னால நாற்காலி போட்டு ஒக்காருவேன். சொர்க்கம்னு ஒண்ணு இருந்தா அதுலயும் நடுத்தட்டுதான் நல்லா இருக்கும்.

காது குத்தறதுக்கு மொத நாள் சாயங்காலம் செல்வி சீர்த்தட்டு அடுக்கினா.

"பழம், பூ, வெத்தல பாக்கு, துணி, இனிப்பு. அஞ்சு தட்டு. உங்க டப்பா மூணு. எட்டு ஆச்சு. இன்னாங்க, ரெட்டப்படையா வருதே?"

"வந்தா இன்னா?"

"நல்லா கேட்டீங்க. சீர்த்தட்ட ரெட்டப்படையில எடுத்துட்டுப் போனா ஊரு சிரிக்கும். ஒத்தப்படையா இருக்கணும். ஒம்போதாக்கணும்."

"டப்பா ரெண்ட ஒரே தட்டுல வையேன். ஏழாயிடும்."

"தாய்மாமன் சீர ஒண்ணாச் சேத்துக் கொறச்சுட்டாங்கன்னு பேச்சு வராதா?"

"அப்ப சக்கர ஒரு தட்டு வெச்சுக்க."

"ஒம்போதாவது தட்ட நான் பாத்துக்கறேன். நீங்க காலையில ஸ்கூட்டர்ல முன்னாடி போங்க. மாமன் மொதல்ல போயி நிக்கணும். நான் கொளஞ்சியக்காவோட தட்டெல்லாம் ஏத்திக்கிட்டு ஆட்டோவுல வரேன்."

பாத்தீங்களா, என் பொண்டாட்டிக்கு என் சொந்தக்காரங்க மேல எவ்ளோ அக்கறன்னு நெனச்சு அன்னிக்கி நல்லா தூங்கினேன்.

கோயில்ல ஒரே கூட்டம். மேளம், மைக்கு, கேசரி வாசன. பூசாரி, நல்ல நேரம் போவுது, நல்ல நேரம் போவுதுன்னு ஆட்டோ ஸ்டாண்டுல கூவற மாதிரி கூவினாரு. செல்வி வர்ற ஆட்டோவ இன்னும் காணோம். என்னை மணையில ஒக்கார வெச்சு மடியில செம்மல வெச்சாங்க. மொட்ட போடறவரு தலைய நனச்சு, கத்தியத் தீட்டி, மொத இழுப்பு இழுத்தாரு.

அந்த நேரம் பாத்து மைக்குல, "தாய்மாமன் சீரு வருது! ஒம்போது தட்டு!"

மேளம் எகிறிச்சு. பொம்பளைங்க வரிசையாத் தட்டத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. கடைசியில செல்வி. அவ கையில இருந்த தட்டு மட்டும் பட்டுத்துணி போட்டு மூடியிருந்துச்சு. சக்கரைக்குப் போயி பட்டுத்துணியான்னு நெனச்சேன். அதுக்குள்ள என் தங்கச்சி புருசன் நெடுமாறன் டப்பா ஒண்ணத் தூக்கி ஆட்டிட்டான்.

"மச்சான், இது இன்னா? சத்தமெல்லாம் வருது!"

எனக்கு வயித்துல புளி கரைஞ்சிச்சு. கொட்ட இருக்கற எடத்துல புளிக்கு இன்னா பஞ்சம்!

"அது வளந்ததுக்கு அப்புறம் பிரிக்கிறது மாப்ள! அப்படியே வெய்யி!"

"தொறந்து காட்டுங்கண்ணே," செல்வி சொன்னா. மைக்கு பக்கத்துல நின்னு சொன்னா. "உங்க மச்சான் பாத்துப் பாத்து வாங்கினது. நாலு பேரு பாக்கட்டும்."

"வேணாம் மாப்ள! வூட்டுக்குப் போயி—"

"சார், அசையாதீங்க," மொட்ட போடறவரு அதட்டினாரு. "கொழந்த தலையில கத்தி இருக்கு."

எழுந்திரிக்க முடியாது. கைய நீட்ட முடியாது. மடியில மருமவன், மருமவன் தலையில கத்தி. என் கண்ணு முன்னாலயே நெடுமாறன் கண்ணாடித்தாளக் கிழிக்கிறான். கோயில் தரையெல்லாம் புளியங்கொட்ட உருளப்போவுது. அரிகிருஷ்ணன் தங்கச்சி புள்ளைக்குப் புளியங்கொட்ட சீரு குடுத்தான்னு என் பேரனுக்குப் பேரன் வரைக்கும் பேசப்போறாங்க. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். அம்மா தாயே, இந்த ஒரு தடவ காப்பாத்து, இனிமே நான் ஒரு ஈர்க்குச்சியக்கூட ஒட்ட மாட்டேன்.

"அய்யோ, வெள்ளி அரைஞாணு!" சிந்துஜா கத்தினா.

கண்ணத் தொறந்தேன். டப்பாவுக்குள்ள இருந்து வெள்ளி அரைஞாண் வந்துச்சு. அடுத்த டப்பாவுல பட்டுச் சட்ட. அவன் ஆட்டின மூணாவதுல கிலுகிலுப்ப. அதுதான் சத்தம்.

செல்வியப் பாத்தேன். அவ என்னைப் பாக்கல. மொகத்துல ஒரு சிரிப்பு, கல்யாணப் போட்டோவுல இருக்குமே, அதே சிரிப்பு. எனக்கு உசிரு திரும்பி வந்துச்சு. மானத்தக் காப்பாத்திட்டாடா என் மகராசி!

அந்தச் சந்தோசம் காது குத்தற வரைக்கும்தான். மொட்ட முடிஞ்சு, ஆசாரி கம்பிய எடுத்து, மொத காதுல ஒரு குத்து. செம்மல் கத்தின கத்துல மேளக்காரரே நிறுத்திட்டாரு. பிஸ்கட் காட்டினாங்க. செல்போன் காட்டினாங்க. கிலுகிலுப்பைய ஆட்டினாங்க. கத்தறான். இன்னொரு காது பாக்கி இருக்குது. மூஞ்சி நீலம் பாயுது. சிந்துஜாவும் கூட அழ ஆரம்பிச்சுட்டா.

"வழி வுடுங்க," செல்வி முன்னால வந்தா. ஒம்போதாவது தட்டுமேல இருந்த பட்டுத்துணிய எடுத்தா.

என் காரு.

வஞ்சிரச் செவுளு செவப்பு. டிராக்டர் சக்கரம். லாரிக் கொழாய். வெள்ளி மூக்கு.

செம்மல் அழுகைய அப்படியே பாதியில நிறுத்தினான். ரெண்டு கையையும் நீட்டினான். செல்வி எடுத்துக் குடுத்தா. ரெண்டாவது காதுல கம்பி எறங்கிச்சு, அவன் திரும்பிக்கூடப் பாக்கல. என் மடியிலயே ஒக்காந்துக்கிட்டு, என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்துல, என் இஞ்சினக் கடிச்சான். படக்.

"மாமன் தன் கையாலயே செஞ்சதுங்க," செல்வி மைக்குல சொல்றா. "வேலை வுட்டு வந்து, ராப்பகலா, மருமவனுக்காக."

கோயிலே கை தட்டுச்சு. ஒரு கெழவரு, "தாய்மாமன்னா இவன்தாண்டா"ன்னாரு. நெடுமாறன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான்.

"மச்சான், உங்கள நான் தப்பா நெனச்சிருந்தேன். கடையில வாங்கறது யாரு வேணா வாங்குவாங்க. கையால செய்ய மனசு வேணும்."

அப்புறம் காரப் பாத்துட்டு, "அய்யோ, இது ஆடுது, கொழந்த முழுங்கிடும்"னு வெள்ளி மூக்கப் பட்டுனு புடுங்கி என் சட்டப்பையில போட்டான்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரின்னு சொல்வாங்களே, அதுதான் இது. கத்த முடியாது. திருப்பிக் கேக்க முடியாது. எனக்கும் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பாசம்னு எல்லாரும் நெனச்சாங்க. போட்டோக்காரன் ஓடி வந்து எடுத்துக்கிட்டான்.

திரும்பி வரும்போது செல்வி ஸ்கூட்டர்ல பின்னால ஒக்காந்திருந்தா. மரப்பாலம் வந்ததும் கேட்டேன்.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"இதுல கண்டுபுடிக்க இன்னாங்க இருக்கு? டப்பா மேலதான் படம் போட்டிருக்குதே. அந்த டிராக்டர் படத்துல இருக்கற சக்கரம் உங்க காருல ஓடுது. லாரி படத்துல இருக்கற கொழாய் உங்க காருல நீட்டிக்கிட்டிருக்கு."

முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறவன் உண்டு. மறைச்சுட்டு, சோத்து மேலயே பூசணிக்கா படத்த ஒட்டி வெச்சவன் நான் ஒருத்தன்தான்.

"எப்ப தெரிஞ்சிச்சு?"

"சக்கரம் உப்பினப்பவே."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா காருக்குப் பதிலா கட்டிலுக்கு அடியில இன்னொரு பாதிக் காரு கெடக்கும். இதான் நீங்க முழுசா முடிச்ச மொத சாமான். செம்மலுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? தாய்மாமன் வாயால சொன்ன சீர நெறவேத்தாம வுட்டா வூட்டுக்கு ஆவுமா? டப்பாவுல இல்லாததெல்லாம் அந்தக் காருலதான் இருந்துச்சு. அப்ப அதத்தானே குடுக்கணும்?"

வண்டி ஓட்டிக்கிட்டே யோசிச்சுப் பாத்தேன். அவ நாயத்துல எங்கயும் ஓட்ட இல்ல.

"டப்பாவுல மிச்சம் இருந்தது?"

"பத்திரமா கட்டிலுக்கு அடியில கெடக்குது. பாதிக் கப்பலுக்குத் தொணையா."

"நடுத்தட்டு தரேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணியேடி!"

"தந்தேனே. நீங்க வெச்சீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. நீங்களே எடுத்து மருமவனுக்குக் குடுத்துட்டா நான் இன்னாங்க பண்ணுவேன்?"

வூட்டுக்கு வந்து கதவத் தொறந்தேன். ஷோகேஸ்ல நடுத்தட்டுல, டியூப்லைட்டுக்கு நேரா, கொளஞ்சியக்காவோட பல்லாங்குழிப் பலக ஒக்காந்திருந்துச்சு. குழிக்கு அஞ்சஞ்சா புளியங்கொட்ட. மூணு டப்பாவுல இருந்தும் பொறுக்கி, கழுவி, தொடச்சு வெச்சிருக்கா. செல்வி பொடவகூட மாத்தல. பலகைய எறக்கி நடுக்கூடத்துல வெச்சு எதிர்ல ஒக்காந்தா. குழி குழியா வெரல வுட்டு எண்ணினா. மொகத்த ரொம்ப மரியாதையா வெச்சுக்கிட்டு என்னைப் பாத்தா.

"ஏங்க, கடைசிக் குழியில ஒரு கொட்ட கொறையுது. அந்தப் பெரிய எலிகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

எந்த டப்பாவுல பசையில ஒட்டிக்கிட்டுப் போச்சோ, எனக்கு இன்னா தெரியும்? பேசாம சட்டப்பையில கைய வுட்டு அந்த வெள்ளி மூக்க எடுத்து நீட்டினேன். அவ வெரல்ல உருட்டிப் பாத்தா. அளவு சரியா இருந்துச்சு. குழியில போட்டுக்கிட்டா.

இப்ப எங்க வூட்டுக்கு வர்றவங்ககிட்ட நான் தைரியமா சொல்லிக்கிறேன், ஷோகேஸ்ல நடுத்தட்டுல என் ஹாட் ராட் இருக்குதுன்னு, ஒரு புளியங்கொட்ட அளவுக்கு.